விசில் வீட்டுச் சாவி

ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் வீரபாகு, தினமும் விடிகாலை நாலு மணிக்கு விசில் ஊதி வீட்டையே எழுப்புவார். அவருடைய இரண்டாவது வீட்டில் முப்பத்திரண்டு வயது மகன் வாடகையில்லாமல் ஆறு வருஷமாக சுகமாய்க் குடியிருந்தான்.

"அவன் தானாக் கிளம்பணும். 'போ'ன்னும் சொல்லக்கூடாது, வாடகையும் கேட்கக்கூடாது. முடியலேன்னா உனக்கு இங்கே வேலை இல்லை!" என்று சமையல்காரி செல்லக்கண்ணுவிடம் மீசையை முறுக்கினார்.

செல்லக்கண்ணு போனாள். சாயங்காலத்துக்குள் மகன் சாவியை அவள் கையில் திணித்துவிட்டு, மூட்டை முடிச்சோடு ஓடியே போனான்.

"அப்படி என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லலீங்கய்யா. நீங்க அங்கே வந்து கூடவே தங்கினா எப்படியிருக்கும்னு தம்பிகிட்டே கேட்டேன், அவ்வளவுதான்."

அப்போது அவர் மனைவி பெட்டியோடு வந்தாள்.

"வீடு காலியாத்தானே கிடக்கு? சாவியைக் கொடு. நீயும் கிளம்பு செல்லக்கண்ணு, நாளைக்காவது ஆறு மணி வரைக்கும் தூங்கலாம்!"