பாதியில் நின்ற சுவர்

"அந்தப் பையன் விட்டுட்டுப் போன செவுரு இன்னும் அப்படியேதான் நிக்குது. பாதி கண்ணாடி, பாதி சுண்ணாம்பு."

"யாரும் தொடலையா?"

"யாரு தொடுவா? அந்த அக்காவே அந்தப் பக்கம் போக மாட்டேங்குது."

டவுன் பஸ்ஸில் பின் இருக்கையில் இரண்டு பெயிண்டர்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். முன்னால் உட்கார்ந்திருந்த ராஜாமணி, மடியில் இருந்த துணிப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். உள்ளே மறுநாள் கொடுக்கவேண்டிய ஜாக்கெட்டுகள்.

திரும்பிக் கேட்டாள்.

"எந்தப் பையன்?"

"உங்களுக்குத் தெரியாதுங்க. நவநீதன்னு, எங்ககூட வேலை பார்த்தவன். பொங்கல் கழிஞ்சு லாரியில அடிபட்டு..."

"நான் அவனோட அம்மா."

பேசியவன் எழுந்து நின்றுவிட்டான். பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்றது, கிளம்பியது. அவன் உட்காரவே இல்லை.

அவன் பெயர் மயில்சாமி. மறுநாள் காலை அவன்தான் அவளை அந்த ஷெட்டுக்கு அழைத்துப் போனான்.

*

தகரக் கூரை போட்ட ஷெட். சுற்றிலும் சாய்த்து வைத்த பலகைகள். ஒவ்வொரு பலகையிலும் ஒரு நிறம், ஒரு மினுமினுப்பு.

மெகருன்னிசா டிரம்மில் சுண்ணாம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். வயது முப்பத்தைந்துக்குள் இருக்கும். ராஜாமணிக்கு மகள் மாதிரி.

சுவருக்கு இத்தாலிப் பூச்சு போடக் கற்றுக்கொடுப்பது அவள் தொழில். சுண்ணாம்பையும் பளிங்குத் தூளையும் நிறத்தோடு கலந்து, காகிதம்போல மெல்லிசாக மூன்று முறை இழுக்கவேண்டும். மூன்றாவது இழுப்பு காயும் முன்னால், வெறும் பூச்சுக்கரண்டியாலேயே அழுத்தித் தேய்த்தால் சுவர் பளபளக்கும். கோயம்புத்தூரில் புதுப் பங்களா கட்டுகிறவர்கள் கூடத்தில் ஒரு சுவருக்காவது அதைப் போட்டுக்கொள்கிறார்கள்.

நவநீதனுக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். அவன் காரியத்துக்கு வந்து, வாசலோடு நின்று திரும்பிப் போனவளும் அவள்தான்.

"என் பையன் விட்ட எடத்துல இருந்து நான் முடிக்கணும். கத்துக் குடுங்க."

மெகர் கிளறுவதை நிறுத்தவில்லை.

"என்ன வேலை பண்றீங்கம்மா?"

"தையல். பட்டுப்புடவை கிழிஞ்சு வந்தா இழைக்கு இழை சேர்த்து டார்னிங் பண்ணுவேன். நான் சேர்த்த எடம் எதுன்னு கட்டிக்கிறவங்களுக்கே தெரியாது."

"இது துணி இல்லைங்கம்மா."

"தெரியும்."

மெகர் கையைத் துடைத்துக்கொண்டாள். தட்டையான இரும்புக் கரண்டி ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"மூலை நாலும் கூரா இருக்கு. தேய்ங்க."

"எதுவரைக்கும்?"

"செவுத்துல கோடு விழாம ஆகற வரைக்கும்."

அன்று பொழுது சாயும்வரை ராஜாமணி உப்புத்தாளில் கரண்டியைத் தேய்த்தாள்.

*

"மொதல்ல அந்தச் செவுத்தைப் போய்ப் பார்த்துட்டு வாங்களேம்மா," என்றான் மயில்சாமி. "பக்கத்துலதான்."

"முடிக்கத் தெரிஞ்சப்புறம் பார்த்துக்கிறேன்."

சுண்ணாம்பு அவள் விரல் இடுக்குகளைத் தின்றது. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு காலையில் ஷெட், மாலையில் தையல். ஊசி பிடிக்கிறபோது விரல் எரிந்தது.

நவநீதன் இடதுகைக்காரன். ராஜாமணியும் கரண்டியை இடது கையில் பிடித்தாள். மணிக்கட்டு வீங்கியது. பலகையில் கலவை திட்டுத் திட்டாக நின்றது.

"அக்கா, இப்படியே போனா இந்தம்மா செவுத்துக்கு ஊக்கும் காஜாவும் வச்சிருவாங்க," என்றான் மயில்சாமி.

"மயில்சாமி, உன் வாய்க்கு ஒரு ஊக்கு தச்சுக் குடுக்கட்டுமா?" என்றாள் ராஜாமணி.

ஷெட்டில் எல்லோரும் சிரித்தார்கள். ராஜாமணியும் சிரித்துவிட்டாள். பிறகு, சிரித்ததற்காக முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மெகர் மட்டும் அருகில் வந்தாள்.

"எந்தக் கையில சாப்பிடுவீங்க?"

"சோத்தாங்கையில."

"அதுல போடுங்க."

"அவன் நொட்டாங்கை. அவன் இழுத்த மாதிரி இருக்கணும்ல."

"அதுல போடுங்கம்மா."

ராஜாமணி கரண்டியைக் கை மாற்றினாள்.

*

ஆடி போயிற்று. ஆவணி வந்தது. அவள் கை பழகிவிட்டது.

கலவை காயும் பதம் அவளுக்குக் காதிலேயே தெரிய ஆரம்பித்தது. ஈரமாக இருக்கும்போது கரண்டி முணுமுணுக்கும். பதம் வந்ததும் சன்னமாக ஒலிக்கும். அப்போது அழுத்தவேண்டும். கொஞ்சம் பிந்தினால் இரும்பு கருப்பாகத் தடம் விட்டுவிடும்.

"மூலையில ஆரம்பிச்சா மூலையிலதான் நிக்கணும்," என்று மெகர் எல்லோருக்கும் சொல்வாள். "செவுத்து நடுவுல நிக்கக் கூடாது. தண்ணி குடிக்கக்கூட."

ஒருநாள் ராஜாமணி கேட்டாள்.

"அப்ப அவன் ஏன் நடுவுல நின்னான்?"

"கலவை தீர்ந்துபோச்சு. வாங்கறதுக்கு வண்டியை எடுத்துட்டு வந்தான்."

"யாருகிட்ட?"

"என்கிட்ட. வர்ற வழியிலதான்..."

கூரைமேல் ஒரு அணில் ஓடியது.

"அன்னிக்குக் கலவை கலந்தது யாரு?"

"நான்தான்."

மெகர் தலை நிமிரவில்லை. ராஜாமணி தன் பலகைக்குத் திரும்பினாள். மறுநாள் ராஜாமணி வரமாட்டாள் என்றுதான் மயில்சாமி நினைத்தான்.

வழக்கமான நேரத்துக்கு வந்தாள்.

*

"அவன் விட்ட எடத்துல எப்படிச் சேர்க்கணும்னு மட்டும் இன்னும் சொல்லித் தரலை," என்றாள் ராஜாமணி.

மெகர் ஒரு பலகையில் இடது பாதியைப் போட்டு, பளபளப்பேற்றிக் காயவிட்டாள். மறுநாள் அதை ராஜாமணியிடம் கொடுத்தாள்.

"இங்க சேர்த்துப் போடுங்க."

ராஜாமணி வலது பாதியைப் போட்டாள். அதே கலவை, அதே கரண்டி. காய்ந்ததும் நடுவில் ஒரு கோடு, தழும்பு மாதிரி.

"உங்க கை வேற, என் கை வேற. அதனால இருக்கும்."

"இருக்கலாம்."

அடுத்த பலகையில் ராஜாமணி தானே பாதியைப் போட்டுவைத்தாள். மறுநாள் தானே மீதியைப் போட்டாள். கோடு அப்படியே இருந்தது.

மூன்றாவது பலகையில் ஓரத்தை ஈரத்துணியால் நனைத்துப் பார்த்தாள். நான்காவதில் பழைய பூச்சின்மேல் ஒரு விரல் அகலம் ஏற்றி இழுத்தாள், கிழிசலைத் தாண்டி இரண்டு இழை கூடுதலாக எடுப்பதுபோல. கோடு பட்டையாக ஆனதுதான் மிச்சம்.

"ஒரே கைதானே இது? நேத்து நான் போட்டது, இன்னிக்கு நான் போட்டது."

மெகர் பலகையை வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினாள்.

*

அந்த வாரம், பாதிச் சுவர் நின்றிருந்த புது வீட்டின் சொந்தக்காரர் ஷெட்டுக்கே வந்தார். தன்மையான மனிதர். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

"நானும் எத்தனை மாசம்தான் பொறுக்கறதுங்க. எல்லாம் முடிஞ்சு அந்த ஒரு செவுத்தால குடி போக முடியாம கெடக்கோம். வீட்ல கேக்கறாங்க."

"புரியுதுங்க," என்றாள் மெகர்.

"ஞாயித்துக்கிழமை ஆசாரியை வரச் சொல்லிட்டேன். மேல மரப்பலகை அடிச்சு மூடிடறோம். தம்பி போட்டதுக்கு ஒண்ணும் ஆகாது. உள்ள பத்திரமா இருக்கும்." ராஜாமணியைப் பார்த்தார். "இல்ல, அதுக்குள்ள நீங்க முடிக்கிறதுன்னா முடிச்சுக் குடுங்கம்மா. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

அவர் போனபின் ராஜாமணி மெகரின் எதிரில் வந்து நின்றாள்.

"ஒட்டுத் தெரியாம முடிக்கிறதுக்கு என்னதான் வழி?"

மெகர் எழுந்தாள். ராஜாமணி போட்டதிலேயே நல்ல பலகை ஒன்று சுவரோரம் இருந்தது. முழுப் பலகை. மயில்சாமியே அதைத் தன் போனில் படம் பிடித்து வைத்திருந்தான். மெகர் அதை எடுத்து மேசைமேல் கிடத்தினாள். பளபளப்பின் மேலேயே ஒரு கரண்டிக் கலவையை எடுத்து இழுத்தாள்.

"காயட்டும்."

மத்தியானம் நகத்தால் சுரண்டினாள். புதுப் பூச்சு பால் ஆடைபோல உரிந்து வந்துவிட்டது.

பிறகு உப்புத்தாளை மடித்தாள். அதே பலகையை ஒரு மூலையிலிருந்து தேய்க்கத் தொடங்கினாள்.

"என்ன பண்றீங்க? அது நல்லாத்தானே இருக்கு?" ராஜாமணி அவள் கையைப் பிடித்தாள்.

மெகர் நின்றாள். கையை விடுவித்துக்கொள்ளவில்லை. ராஜாமணி தானாக விடும்வரை காத்திருந்தாள். பிறகு தேய்த்தாள். பளபளப்பு வெள்ளைப் பொடியாக உதிர்ந்து, பலகை எங்கும் மங்கியது. அதன்மேல், இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை, நிற்காமல் ஒரே மூச்சில் புதுப் பூச்சை இழுத்தாள்.

அது பிடித்துக்கொண்டது. எங்கும் கோடு இல்லை.

ராஜாமணி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

"இதைத்தான் செய்யணுமா?"

"வேற வழி இருந்திருந்தா நானே எப்பவோ போயிருப்பேன்மா."

"அவன் போட்டது?"

"அடியில இருக்கும்."

"மேல தெரியுமா?"

"தெரியாது."

"பலகை அடிச்சா?"

"அவன் விட்ட மாதிரியே இருக்கும். யாரும் பார்க்க மாட்டாங்க."

மயில்சாமி டீ வாங்கிவந்து இருவர் பக்கத்திலும் வைத்தான். டீ ஆறிப்போனது. ராஜாமணி அன்று சீக்கிரமே கிளம்பினாள். எதைச் செய்யப்போகிறாள் என்று மெகர் கேட்கவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை மூவரும் அந்த வீட்டுக்குப் போனார்கள். மயில்சாமி கலவை டிரம்மைத் தூக்கிக்கொண்டு வந்தான். இந்த முறை டிரம் விளிம்புவரை நிரம்பியிருந்தது.

கூடத்தில் ஆசாரி வந்து காத்திருந்தார். தேக்குப் பலகைகள் ஜன்னலோரம் அடுக்கியிருந்தன.

ராஜாமணி சுவரை முதல்முறையாகப் பார்த்தாள்.

மழைக்கு முன்னால் வானம் கருக்குமே, அந்த நிறம். இடது மூலையிலிருந்து பாதிச் சுவர் குளம்போல மினுங்கியது. ஜன்னல் வெளிச்சம் அதற்குள் இறங்கி நின்றது. கிட்டப் போனால் கரண்டி போன வழி தெரிந்தது. ஒன்றின்மேல் ஒன்றாகக் குறுக்கும் நெடுக்கும், எல்லாமே இடப்பக்கம் சாய்ந்த இழுப்புகள். பள்ளிக்கூட நோட்டில் அவன் எழுத்து சாய்ந்திருக்கும், அது மாதிரி.

கையெட்டும் உயரத்தில் அழுத்திய இடங்கள் நன்றாகப் பளபளத்தன. உச்சியில் கொஞ்சம் மங்கல். முக்காலிமேல் ஏறி நின்று செய்திருக்கிறான்.

நடுவில், கலவை தீர்ந்த இடமும் தெரிந்தது. பூச்சு மெலிந்து மெலிந்து போயிருந்தது. தட்டில் இருந்ததை எல்லாம் வழித்து, சுரண்டி, இன்னும் ஒரு சாண், இன்னும் ஒரு விரல் என்று இழுத்திருந்தான். கடைசி இழுப்பு ஒன்று மட்டும் தனியாக, நூல் பிரிந்தாற்போல, வெறும் சுண்ணாம்புக்குள் நீண்டு நின்றிருந்தது.

ராஜாமணி அங்கே உள்ளங்கையை வைத்தாள். சில்லென்று இருந்தது.

"என்னம்மா சொல்றீங்க?" என்று வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார். "பலகையை அடிக்கச் சொல்லட்டுங்களா?"

ராஜாமணி உள்ளங்கையைச் சுவரிலிருந்து எடுக்கவில்லை. ஆசாரி சுத்தியலை எடுத்தார், கீழே வைத்தார்.

மெகர் பையிலிருந்து உப்புத்தாளை எடுத்தாள். நாலாக மடித்தாள். இடது மூலைக்குப் போய் நின்று கையைத் தூக்கினாள். சுவருக்கும் உப்புத்தாளுக்கும் நடுவே ஒரு விரற்கடை இருந்தது. அந்தக் கை அங்கேயே நின்றது.

"அக்கா," என்றான் மயில்சாமி.

மெகரின் தோள் குலுங்கியது. கை நகரவில்லை.

மயில்சாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ராஜாமணி முந்தானையை இழுத்துச் செருகினாள். மெகரின் அருகே போய், அந்தக் கையை இறக்கி, விரல்களைப் பிரித்து உப்புத்தாளை வாங்கிக்கொண்டாள். அவள் தோளைப் பிடித்து நகர்த்தி, ஆசாரியின் ஸ்டூலில் உட்காரவைத்தாள்.

பிறகு இடது மூலைக்கு வந்து தேய்க்கத் தொடங்கினாள்.