பூந்தொட்டிக்கு ஓட்டை வந்த கதை

அந்தக் காலத்தில் செடிகொடிகளுக்கும் வாய் இருந்தது. நம்மைவிட நன்றாகவே பேசும். ஆனால் எந்தச் செடியும் வாசற்படியைத் தாண்டி வீட்டுக்குள் வந்ததில்லை. உள்ளே வந்தால் செத்துப்போகும் என்று மனிதர்களும் நம்பினார்கள், செடிகளும் நம்பின.

அப்போது கண்மாய்க்கரை ஊர் ஒன்றில் சிலம்பாயி என்று ஒருத்தி பானை செய்து விற்றுவந்தாள். அவள் பானை ஒரு சொட்டு ஒழுகாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், வேலை தெரிந்தவளுக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி?

ஒரு கோடையில் அவள் மண் வெட்டக் கண்மாய்க்குப் போனாள். கரையில் நின்ற பெரிய மருதமரம் காற்றில் சாய்ந்து கிடந்தது. அதன் நிழலிலேயே பிறந்து வளர்ந்த கொடி ஒன்று, முதல்முறையாக உச்சி வெயிலில் கிடந்து கருகிக்கொண்டிருந்தது.

"அக்கா, வெயில் தாங்கலை. உங்க வீட்டுக்குள்ள ஒரு ஓரமா இடம் தருவீங்களா?" என்று கொடி கேட்டது.

பக்கத்தில் நின்ற ஆடாதோடைச் செடி சிரித்தது. "வீட்டுக்குள்ளயா? நல்லாப் போ. வெளியே வரும்போது குப்பையோட குப்பையா வருவே."

சிலம்பாயிக்குச் சுருக்கென்றது. "என் கையால தண்ணி ஊத்தி ஒண்ணு சாகுமா? அதையும் பார்த்துருவோம். நீ வா தாயி" என்று கொடியை வேர்மண்ணோடு தோண்டி எடுத்துக்கொண்டு நடந்தாள். இருந்ததிலேயே நல்ல பானையில் அதை நட்டு, சன்னலோரமாக வைத்தாள். வெளிச்சம் வந்தது, வெயில் வரவில்லை. கொடிக்கு உயிர் வந்தது.

அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்துவிட வேண்டும். வேண்டாம் என்று வந்தவர் சொன்னால் அது வீட்டுக்காரருக்கு அவமானம். கொடியும் விருந்தாளிதானே? காலையில் சிலம்பாயி ஒரு சொம்பு ஊற்றினாள். மத்தியானம் சாப்பிட வந்த அவள் புருஷன் குப்பாண்டி ஒரு சொம்பு ஊற்றினான். வீட்டுக்குள் செடி இருக்கும் அதிசயத்தைப் பார்க்க வந்தவர்களும் ஆளுக்கு ஒரு சொம்பு ஊற்றிவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். கொடியும் நல்ல வளர்ப்பு. ஒருவரிடமும் போதும் என்று சொல்லவில்லை.

கொஞ்ச நாளில் இலைகள் மஞ்சளாயின. தண்டு துவண்டு தலை தொங்கியது.

"ஐயையோ, தாகத்துல வாடுதே!" என்று பதறிய சிலம்பாயி இன்னும் ஊற்றினாள். ஊரும் ஊற்றியது. இப்படிப் பாசத்தைக் கொட்டுகிறவர்கள் கையில் மாட்டிக்கொண்டால் யார்தான் தப்பிக்க முடியும்?

ஒருநாள் காலை அவள் சொம்போடு வந்தபோது, பானை விளிம்பில் ஒரு மண்புழு ஏறி உட்கார்ந்திருந்தது.

"தாயி, கொஞ்சம் பொறு. எனக்கு நீச்சல் தெரியாது" என்றது புழு.

"நீச்சலா? மண்ணுக்குள்ள உனக்கு எதுக்கு நீச்சல்?"

"மண்ணா? கீழே குளமே கட்டி நிக்குது. வேரெல்லாம் அழுகுது. மூச்சு விட இடமில்லை. உன் பானை அவ்வளவு நல்ல பானை!"

சிலம்பாயி மண்ணுக்குள் விரலை விட்டாள். சேறு. விரலை முகர்ந்தாள். அழுகல் நாற்றம்.

"ஏண்டி, போதும்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்று கொடியிடம் கேட்டாள்.

"எப்படிக்கா சொல்றது? எல்லாரும் ஆசையாத்தானே ஊத்துறீங்க" என்றது கொடி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது போலிருந்தது.

சிலம்பாயிக்கு அழுகை முட்டியது. நம்பி வந்த உயிரைத் தன் கையாலேயே கொன்றுகொண்டிருக்கிறாள். அதுவும் எந்தப் பானையை நினைத்துப் பெருமைப்பட்டாளோ அதே பானைக்குள். கண்ணைத் துடைத்துக்கொண்டு இரும்பு ஆணி ஒன்றைத் தேடி எடுத்தாள்.

குப்பாண்டி ஓடிவந்தான். "என்ன பண்ணப்போறே? சிலம்பாயி பானை ஒழுகுதுன்னு ஒருத்தன் வாயைத் திறந்தாப் போதும், நம்ம பொழப்பு போச்சு!"

"ஒழுகுதுன்னு சொன்னாச் சொல்லட்டும். நம்பி வந்ததைக் கொன்னுட்டாள்னு சொல்லக்கூடாது. பானையைச் சாய்ச்சுப் பிடிங்க."

அவன் பிடித்தான். வேறு வழி? சுட்ட பானையை அடித்தால் பிளந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் பானையின் அடியில் ஆணியை ஊன்றி, ஈரமணலைத் தூவித் தூவி, மெதுவாகத் திருகிக்கொண்டே இருந்தாள். உள்ளங்கை கொப்புளித்தது. கடைசியில் ஆணி உள்ளே இறங்கியது. அதை உருவியதும் கருத்த தண்ணீர் பீறிட்டு வந்து தரையெல்லாம் ஓடியது. குப்பாண்டி மூக்கைப் பொத்திக்கொண்டான். புழு உடனே மண்ணுக்குள் இறங்கிவிட்டது. அதற்கு வீட்டு வேலை தலைக்குமேல் கிடந்தது.

அன்றைக்கே சிலம்பாயி வீட்டில் சட்டம் போட்டாள். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்க்காமல் கொடிக்கு யாரும் தண்ணீர் ஊற்றக் கூடாது.

"விருந்தாளிக்குத் தண்ணி குடுக்கக்கூடாதா? எந்த ஊர் நியாயம் இது?" என்று வந்தவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

"குடுங்க, யாரு வேண்டாம்னா? விரல்ல ஈரம் ஒட்டினா அதுக்கு வயிறு ரொம்பியிருக்கு. காஞ்ச மண்ணா வந்தா தாராளமா ஊத்துங்க" என்றாள் அவள்.

மஞ்சள் இலைகள் உதிர்ந்தன. தண்டு நிமிர்ந்தது. ஒருநாள் நுனியில் சுருட்டிவைத்த பச்சைத் துளிர் ஒன்று தெரிந்தது. விரிந்தபோது அது பளபளவென்று ஒரு புது இலை. அப்புறம் கொடியைப் பிடிக்க முடியவில்லை. சன்னல் கம்பியைப் பற்றி ஏறி, உத்தரத்தில் கைவைத்துவிட்டது.

சிலம்பாயி அடுத்த சூளையில் கொஞ்சம் பானைகளுக்குப் பச்சைமண்ணாக இருக்கும்போதே அடியில் ஓட்டை போட்டுச் சுட்டு, சந்தையில் கொண்டுபோய் முன்வரிசையில் அடுக்கினாள்.

"என்ன சிலம்பாயி, ஓட்டைப் பானையைக் கடைபரப்ப வந்துட்டியா?" என்று ஒருவன் கேலி செய்தான்.

"சோறாக்கணும்னா அந்த வரிசையில எடு. வீட்டுக்குள்ள ஒரு உசுரை வளர்க்கணும்னா இந்த வரிசையில எடு" என்றாள், அவனை நிமிர்ந்துகூடப் பார்க்காமல். பொழுது சாய்வதற்குள் ஓட்டைப் பானை வரிசைதான் முதலில் காலியானது.

தண்ணீர்ப் பானை வாங்கும்போது விரிசல் இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கிற நம் ஆட்கள், பூந்தொட்டியை மட்டும் கவிழ்த்துப் பிடித்து, ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது அன்று முதல்தான்.