தாணுலிங்கனார் தைத்த சடை

நாஞ்சில் நாட்டின் தென்கோடியில், தென்னைநார்க் கயிற்றைச் சுருள் சுருளாகச் சுற்றி, கோணி ஊசியால் தைத்து, வாசலில் கால் துடைக்கப் போடும் மிதியடி செய்து பிழைத்தவர் தாணுலிங்கனார். தையலுக்கு ஒரு சிவாயநம. அதைச் சொல்லாமல் ஊசி குத்தமாட்டார். வந்த வினையே அதுதான். நாமம் சொல்லச் சொல்ல அன்பு பெருகும். அன்பு பெருகினால் கை இறுக இழுக்கும். இழுத்த சுருள் தரையில் படியாமல் ஓரம் தூக்கிக் கிண்ணமாகிவிடும்.

"ஓய், மிதியடின்னு வாங்கினவன் கணுக்கால் வரைக்கும் உள்ள எறங்கி நிக்கான். நாளையிலேர்ந்து வராதேயும்!" என்றார் வேலை கொடுத்த கடைக்காரர்.

வேலை போயிற்று. கயிறு போகிற போக்கிலேயே சிவபெருமானின் சடையைத் தைத்து, ஊர்க் கோயில் மண்டபத்தில் வைக்கத் துணிந்தார் அடியார். உள்ளே கூடாக, குடம்போல் எழும்பும் சடை; ஆனால் எதையும் போட்டு வைக்க அல்ல, பார்த்துக் கும்பிட.

மூன்று வருடம். இடுப்புயரம் வந்ததும் சடை இடப்பக்கம் சாயும். பிரிப்பார். மறுபடி தைத்தால் வலப்பக்கம் சாயும். பதினான்காம் முறை ஊசியை வீசியெறிந்து, கோபுரத்தைப் பார்த்துக் கத்தினார்.

"உம்ம தலைமுடி நேரா நிக்க நீரு கொஞ்சம் ஒத்துழைச்சா கொறஞ்சா போவீரு?"

பிறகு ஊசியைத் தேடவே அரைநாள் ஆயிற்று.

பதினைந்தாம் முறை நின்றது. பிரதோஷத்தன்று தலைச்சுமையாகக் கொண்டுபோனார். கோயில் நிர்வாகம் பார்க்கும் ஸ்ரீகாரியம் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இதுல என்னத்தப் போட்டு வைக்கது?"

"ஒண்ணும் போடாண்டாம். சாமிக்கச் சடை."

"வாய் இருக்கு, வயிறு இருக்கு, சடைங்கீரு!"

வாடிய பூப் போட உதவுமென்று, அபிஷேகநீர் வந்து விழும் கோமுகியின் அடியில் அதை வைத்துவிட்டார். தாணுலிங்கனார் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

அபிஷேகம் தொடங்கியது. பாலும் இளநீரும் நாற்பது குடம் தண்ணீரும் கயிற்றுக்குள் இறங்கின. தையல் துளைகளில் ஒரு சொட்டுக் கசியவில்லை. உள்ளே நிறையவும் இல்லை. ஸ்ரீகாரியம் தோள் வரைக்கும் கைவிட்டுத் துழாவினார். கை காய்ந்தபடியே வந்தது. நம்பாதவர்கள் அந்தக் கையைப் போய்ப் பார்க்கலாம். அன்றுமுதல் அது வியர்ப்பதே இல்லை.

"ஓய்! தண்ணி எங்கவே போச்சு?"

"கங்கையப் புடிச்சவருக்கு நாப்பது கொடம் பெருசா? அவருட்டப் போய்க் கேளும்," என்றார் அடியார், கோபம் ஆறாமல்.

ஸ்ரீகாரியம் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, சடையைத் தாமே தூக்கி மண்டபத்தில் இறைவன் திருமுன் வைத்தார். தாணுலிங்கனார் அப்போதுதான் கைகூப்பினார். கண் நிறைந்துவிட்டது; வாய் மட்டும், "மொதல் தடவையே நின்னுருந்தா என்னவாம்?" என்று முணுமுணுத்தது.

ஆண்டவனோடு மல்லுக்கு நின்றும் ஒரு தையலைத் தளர்த்தாத அந்தக் கைகளுக்கு நம் கும்பிடு.