ஆமைத் தளபதிக்கு ஒருநாள் விடுப்பு

நாட்டு மக்களுக்கு மிக முக்கியமான அறிவிப்பு: அரண்மனை ஆமை ஒன்பது நாளாகச் சாப்பிடவில்லை!

முன்னொரு காலத்தில் முரசறைந்து சொல்லப்பட்ட இந்தச் செய்தியைக் கேட்டு ஒரு நாடே அடுப்பை அணைத்துவிட்டுக் காத்திருந்தது.

அது சாதாரண ஆமை அல்ல. வேட்டைக்குப் போன மன்னர் விசயகண்டர் அதன்மேல் தடுக்கி விழுந்த நொடியில், எங்கிருந்தோ வந்த அம்பு அவர் தலைக்கு மேலே பறந்து போனது. அன்றே அதற்கு மெய்க்காவல் தளபதி பதவி. பதவிக்கேற்ற குடை, மேளம், ஓடெல்லாம் சந்தனப் பூச்சு, பட்டப்பெயர்களைக் கத்த ஒரு கட்டியக்காரன்.

"சாத்தப்பன்தான் பெரிய புத்திசாலி ஆயிற்றே, அவன் சாப்பிட வைக்கட்டும்" என்றார் பிரதானி உத்தண்டராயர். விதூஷகன் சாத்தப்பனைக் கண்டாலே அவருக்கு எரியும். "ஆனால் மன்னா, தளபதிக்குரிய மரியாதையில் இம்மியும் குறையக் கூடாது."

"அப்படியே ஆகட்டும். பொழுது சாய்வதற்குள் அது சாப்பிடாவிட்டால், சாத்தப்பா, நீ நாட்டைவிட்டுப் போகவேண்டியதுதான்" என்றார் மன்னர்.

சாத்தப்பன் தரையில் குப்புறப் படுத்து ஓட்டுக்குள் எட்டிப் பார்த்தான். இரண்டு சின்னக் கண்கள் அவனைப் பார்த்தன. மெல்ல மூக்கு வெளியே வந்தது.

"எதிரிகளின் எமனே!" என்று கத்தினான் கட்டியக்காரன். மூக்கு உள்ளே போய்விட்டது.

சாத்தப்பன் ஓட்டைத் தொட்டான். கிணற்றடிக் கல்லாகச் சில்லிட்டிருந்தது.

"ஏன்யா, இதுமேல வெயிலே படாதா?"

"நான் எதுக்கு இருக்கேன்?" என்றான் குடைக்காரன் பெருமையாக. "வந்த நாள்லேர்ந்து ஒரு பொட்டு வெயில் பட விடலியே!"

சாத்தப்பன் நேரே சபைக்குப் போனான். "மன்னா, தளபதியின் சார்பில் ஒரு விண்ணப்பம். ஒருநாள் விடுப்பு வேண்டும்."

"ஆமைக்கு விடுப்பா?"

"தளபதிக்கு, மன்னா. பதவியேற்ற நாள்முதல் ஒருநாள்கூட எடுக்கவில்லை."

மன்னர் யோசித்தார். "நியாயம்தான்" என்று முத்திரை வைத்தார்.

"விடுப்பில் போகிறவர் குடை, மேளம், ஆள் அம்பு அத்தனையையும் அரண்மனையில் ஒப்படைத்துவிட்டுப் போகவேண்டும் என்பது சட்டம். அப்படித்தானே, பிரதானியாரே?"

உத்தண்டராயர் வாயைத் திறந்தார். அவரே போட்ட சட்டம். "அப்படித்தான்" என்று முனகினார்.

சாத்தப்பன் வெதுவெதுப்பான நீரில் சந்தனத்தைக் கழுவி, ஆமையை மடைப்பள்ளிக்குப் பின்னால் கீரைப்பாத்தியில் வெயில் பட விட்டான். மன்னர் முதல் சமையல்காரர் வரை வேலிக்கு அப்பால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு கால் வந்தது. கழுத்து நீண்டது. தண்டுக்கீரையை முகர்ந்தது.

நறுக்.

மன்னர் வயிறு குலுங்கச் சிரித்தார். சாத்தப்பனுக்கு 'மதியூக மாமேரு' என்ற பட்டத்தை அங்கேயே அறிவித்து, தம் கழுத்திலிருந்த ரோஜா மாலையைக் கழற்றி அவனுக்குப் போட்டார். சாத்தப்பன் கீரைப்பாத்தியிலேயே தரைவரை குனிந்து வணங்கினான்.

மாலையை ஆமை தின்றுவிட்டது.