ஒரு கிளாஸ் குறையுது

குருன்னதும் தாடியத் தேடுறீங்க பாரு, உங்களத் திருத்தவே முடியாதுடா. என் குருவுக்கு மீசைகூட கிடையாது. ஹெலிகாப்டர் ஓட்டுவாரு. பேரு செண்பகராமன். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசுனா அதிகம். காலேஜ பாதியில விட்டுட்டு விமானப்படைக்கு ஓடிவந்தவன் நான். அவர் பேசாம விட்டதையும் சேத்துப் பேசுவேன். அதனால கிண்டலா குருன்னே கூப்பிடுவேன்.

யுத்தத்துல எங்கள எல்லைக்கு அந்தப் பக்கம் சுட்டு இறக்கிட்டாங்க. உள்ள மூணு பேர். செண்பகராமன் சார், நான், இன்ஜின் பாக்குற பிரிட்டோ அண்ணன். சாருக்குத் தொடையில குண்டு. விட்டுட்டுப் போகமாட்டேன்னு அண்ணன் நின்னாரு. சார்தான் அதட்டி ஆத்துப்பக்கம் ஓட விட்டாரு. ஒரு ராத்திரி கிடைச்சாப் போதும், அண்ணன் ஆத்தத் தாண்டி நம்ம பக்கம் வந்துருவாரு. எங்க ரெண்டு பேரையும் பிடிச்சுட்டாங்க.

"எத்தன பேருன்னு மட்டும் சொல்லிராத"ன்னாரு சார்.

அவர ஜுரத்தோட ஒரு ரூம்ல போட்டாங்க, என்னை இன்னொரு ரூம்ல. விசாரிச்ச ஆபீசர் அடிக்கல. என் அரைகுறை இந்திக்குச் சிரிச்சாரு. சிரிக்க ஆள் கிடைச்சா நான் விடுவனா? டீ வந்துச்சு. எனக்கு ஒண்ணு, சாருக்குன்னு ஒண்ணு. எங்க ஆளுங்ககிட்ட ஒரு வழக்கம். கூடப் பறந்த எல்லார் கைக்கும் கிளாஸ் வந்தப்புறம்தான் வாய் வைப்போம்.

"ஒரு கிளாஸ் குறையுதே"ன்னுட்டேன்.

ஆபீசர் சிரிப்ப நிறுத்திட்டு எந்திரிச்சுப் போனாரு.

விடிஞ்சதும் என்னைய சார் ரூமுக்கு மாத்துனாங்க. பின்னாலயே அண்ணனோட பூட்ஸக் கொண்டாந்து போட்டாங்க. ஆத்து மணல் ஈரமா ஒட்டியிருந்துச்சு. கரையிலயே சுட்டுட்டதா காவல்காரன் சொன்னான்.

சார் அதையே பாத்துக்கிட்டிருந்தாரு.

"குருவே, ஒருத்தன் வாய் தவறி இப்படி ஆயிருச்சுன்னா, அவன் என்ன பண்ணணும்?"

சார் தன் தோள்ல இருந்த பதவிப் பட்டைய அவுத்தாரு. அண்ணன் பூட்ஸுக்குள்ள போட்டாரு.

"ஜுரத்துல நான்தான் உளறியிருக்கேன்."

நான் பூட்ஸ்ல ஒட்டுன மணலத் தட்டிவிட ஆரம்பிச்சேன். சாரே மேல சொன்னாரு.

"ஊருக்குப் போனா பிரிட்டோ அம்மாகிட்ட சொல்லு. செண்பகராமன்தான் காட்டிக்கொடுத்தான்னு பேர் சொல்லிச் சொல்லு. செஞ்சவன் யாருன்னு அவங்களுக்குத் தெரியணும்."

நாலாம் நாள் சார் செத்துப்போயிட்டாரு. எட்டு மாசம் கழிச்சு என்னை விட்டாங்க. தூத்துக்குடியில அண்ணன் வீட்டுக்குப் போனேன். அம்மா கேட்டாங்க, எப்படிப்பா மாட்டுனான்னு.

சார் பேரைத்தான்டா சொன்னேன்.