சாவி கைக்கு வராத சிவப்புக் கார்

தீர்ப்பு உங்களுடையது என்பதால், நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன்.

கோயம்புத்தூரில், அவினாசி சாலையோரம், பழைய கார்களை வாங்கி விற்கும் கடை ஒன்று இருந்தது. உரிமையாளர் குலசேகரன். அங்கே நின்ற சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில் இரண்டே இருக்கைகள். குடும்பத்தோடு வருகிறவர்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள், வாங்கமாட்டார்கள்.

மதுரவல்லி வாங்க வந்தார். தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகளைப் பள்ளிக்கும் மாமியாரை ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போக ஒரே வெள்ளைக் காரை இத்தனை வருடம் ஓட்டியவர். இனி தனக்கென்று ஒன்று ஓட்ட வேண்டும் என்று முடிவு செய்திருந்தார்.

விற்பனையாளர் நெல்சனிடம் அவர் கேட்டது ஒன்றுதான். "போர்டுல இருக்கிற விலைக்கு மேல என்னென்ன வரும், தம்பி?"

அந்தக் காரை விற்றால்தான் நெல்சனுக்கு அந்த மாத ஊக்கத்தொகை. "ஒண்ணும் வராதுங்கம்மா. பேர் மாத்துற அரசாங்கக் கட்டணம் மட்டும்தானுங்க. அதுக்கு நான் பொறுப்பு," என்றார்.

அந்தப் பேச்சை நம்பி மதுரவல்லி தன் வெள்ளைக் காரைக் கொடுத்து, மீதிப் பணத்தையும் கட்டினார். வெள்ளைக் கார் உடனே வேறொருவருக்கு விற்றுப்போனது.

வண்டி எடுக்க வந்த அன்று பில் நீட்டினார்கள். ஹேண்ட்லிங் சார்ஜ், டாக்குமெண்ட் சார்ஜ், டெலிவரி சார்ஜ். கூட்டினால் நெல்சனின் இரண்டு மாதச் சம்பளம்.

குலசேகரன் குரலை உயர்த்தவில்லை. "நெல்சன் அப்படிச் சொன்னது எனக்குத் தெரியாதுங்க. அப்படிச் சொல்ல அவருக்கு அதிகாரமும் இல்லீங்க. எல்லார்கிட்டயும் வாங்குறதுதான். பிடிக்கலைன்னா கட்டின பணத்தைத் திருப்பித் தந்துடறேன்."

"என் வண்டி?"

"அது போயிருச்சுங்களே. அதுக்கும் பணமாத் தந்துடறேன்."

மதுரவல்லி போய்ச் சிவப்புக் காருக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். சாவி குலசேகரனின் சட்டைப் பையில் இருந்தது. சாவியில்லாமல் கண்ணாடி இறங்கவில்லை. கழுத்தில் வேர்வை வழிந்தது. "எடுத்தாச்சாம்மா?" என்று கேட்க மகள் போனில் இரண்டு முறை அழைத்தாள், அவர் போனை எடுக்கவில்லை. பணத்தைக் கட்டினால் ஏமாந்தவர். இறங்கிப் போனால் வந்த வண்டியும் இல்லை, வாங்கிய வண்டியும் இல்லை.

நெல்சன் வந்து கதவைத் திறந்து குனிந்தார். "அம்மா, என் சம்பளத்துல பிடிச்சுக்கச் சொல்லிட்டேனுங்க. நீங்க வண்டியை எடுத்துட்டுப் போங்க."

"உன் வீட்டுச் சோத்துல கையை வெச்சுட்டு நான் இதை ஓட்டணுமா?"



இப்போது சொல்லுங்கள். வழக்கமாக வாங்குவதைத்தான் கேட்கிறேன் என்கிறார் குலசேகரன். வாக்குக் கொடுத்தவன் நான், சுமையும் எனக்கே என்கிறார் நெல்சன். எனக்குச் சொன்னதற்கு மேல் தரமாட்டேன், அதை ஓர் ஏழை தலையிலும் கட்டமாட்டேன் என்கிறார் மதுரவல்லி. அந்தக் கட்டணம் யார் தலையில் விழ வேண்டும்?

விடை: குலசேகரன் தலையில். நெல்சன் சொன்னது தவறுதான். ஆனால் அந்தச் சொல்லை நம்பித்தான் வெள்ளைக் கார் கடைக்கு வந்தது. அதை விற்ற லாபம் குலசேகரனிடம் இருக்கிறது. சொல்லால் வந்த ஆதாயத்தை வைத்துக்கொண்டு, சொல் மட்டும் என்னுடையதல்ல என்று அவர் கைகழுவ முடியாது. மதுரவல்லி காரில் இருந்தபடியே இதைத்தான் கேட்டார்: "அவருக்கு அதிகாரம் இல்லைன்னா, என் வண்டியை எந்த அதிகாரத்துல வித்தீங்க?" குலசேகரன் பில்லை வாங்கிக் கிழித்தார், சாவியைக் கொடுத்தார். நெல்சனின் ஊக்கத்தொகையை மட்டும் நிறுத்திவிட்டார். சிவப்புக் கார் வெளியேற கேட்டைத் திறந்துவிட்டவர் நெல்சன்தான். மதுரவல்லி கண்ணாடியை இறக்கினார். என்ன சொல்வதென்று தெரியாமல் மறுபடி ஏற்றிக்கொண்டார்.