சுவரில் இருந்த பெயரும் தரைக்கு வந்த பறவையும்

அந்தக் காலத்தில் பறவைகள் பேசினால் மனிதர்களுக்குப் புரிந்தது. புரியாததுபோல் இருக்க அப்போது யாரும் கற்றுக்கொண்டிருக்கவில்லை.

தேரி என்கிற செம்மணல் மேட்டுக்கும் ஓடைக்கும் நடுவே முள்ளிவிளை என்று ஓர் ஊர். அதன் மேற்குத் தெருவில் ஓலை வேய்ந்த ஒரு ஜெபவீடு. வாசலில் ஒரு பூவரசு. அந்த மரத்தின் கிளையில் செங்கண்ணி என்ற பறவை குடியிருந்தது. கண்ணோரம் சிவந்த சதை, மஞ்சள் கால், காலுக்கு நான்கு விரல். மூன்று முன்னால், ஒன்று பின்னால். அந்தப் பின்விரலால்தான் அது கிளையை இறுகப் பற்றி உட்கார்ந்திருந்தது.

மேற்குத் தெருவார் பனையேறிகள். ஊர்ப் பண்ணையாருக்கு ஏழு நாளும் கூலியில்லாமல் உழைத்தவர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, "இன்னைக்கு வர மாட்டோம்" என்று சொல்லி அனுப்பினார்கள். அவ்வளவுதான் சொன்னார்கள். மறுநாள் காலையில் ஜெபவீட்டைப் பிரித்துப்போடத் தடிகளோடு முப்பது பேர் வந்தார்கள். தேரி மேட்டில் புழுதி கிளம்பியதைச் செங்கண்ணிதான் முதலில் பார்த்தது.

"ஆள் வாரான்! எந்திரிங்க! எல்லாரும் எந்திரிங்க!"

பனைமேல் இருந்தவர்கள் இறங்கி ஓடிவந்தார்கள். ஜெபம் நடத்துகிற உபதேசியார் வேதமாணிக்கமும் பனையேறிதான். இடுப்பில் இருந்த பாளை அரிவாளை உருவித் தரையில் வைத்தார். மற்றவர்களும் வைத்தார்கள். பிறகு ஜெபவீட்டைச் சுற்றிக் கைகோத்து நின்றார்கள்.

"அடிக்கதுன்னா அடிங்க. சொன்னது சொன்னதுதான்" என்றார் வேதமாணிக்கம்.

அடித்தார்கள். அவருடைய நெற்றி பிளந்தது. அவர் உட்காரவில்லை. உட்காராத ஆட்களை எவ்வளவு நேரம் அடிப்பது? வந்தவர்கள் திரும்பிப் போனார்கள்.

சேதி கேட்டுப் பாதிரியாரான வெள்ளைக்கார ஐயர் மாட்டுவண்டியில் வந்தார். அவர் பேசும் தமிழ் வேதபுத்தகத்திலிருந்து நேரே எழுந்து வந்ததுபோல் இருக்கும்.

"எங்கள் தேசத்திலே இப்படி நின்றவர்களுக்கு ஒரு நாமம் உண்டு. புராட்டஸ்டண்ட்."

"அப்படின்னா என்னங்க ஐயரே?"

"பெரியவன் அநியாயம் செய்கிறபோது, எல்லார் முன்பாகவும் எழுந்து நின்று, இது தகாது என்று சாட்சி சொல்லுகிறவன்."

ஒருவன், "பொராட்டத்தண்டு" என்று சொல்லிப் பார்த்தான்.

"ஏலே, ஒனக்குப் பனைதான் ஏறும், பேரு ஏறாது" என்றான் இன்னொருவன். ரத்தம் காயாத நெற்றியோடு வேதமாணிக்கமும் சிரித்தார்.

"எழுந்து நின்றவர்னு தமிழ்லயே வச்சுக்கிடுங்களேன்" என்றது செங்கண்ணி, கிளையிலிருந்து.

"தமிழ்ல சொன்னா எவன் மதிப்பான்? இங்கிலீசுலயே கெடக்கட்டும்" என்றார்கள்.

தமிழில் வைத்திருந்தால், சொல்லும்போதெல்லாம் அர்த்தமும் காதில் விழுந்திருக்கும். விழுந்திருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும் என்றும் தோன்றுகிறது.

வருஷங்கள் போயின. ஓலை ஜெபவீடு இருந்த இடத்தில் கல்லுக் கோயில் எழுந்தது. முகப்பில் அந்தப் பெயரை இங்கிலீஷ் எழுத்தில் பெரிதாகச் செதுக்கினார்கள். பெண் கேட்டு வந்தவரிடம் அந்தப் பெயரைச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்கும்போது சொன்னார்கள். சந்தையில் சண்டை வந்தால் மார்தட்டிச் சொன்னார்கள். எழுந்து நிற்க வேண்டிய தேவை மட்டும் அவர்களுக்கு வரவேயில்லை. பண்ணையாரே இப்போது அவர்களைக் கண்டால் நாற்காலி போடச் சொன்னார்.

ஓடைக்கரையில் கூடை முடைகிற சில குடும்பங்கள் இருந்தன. அவர்களில் யோனாவும் அவன் மனைவி ராகேலும் ஞானஸ்நானம் பெற்றுக் கோயிலுக்கு வந்தார்கள். கடைசித் தூணுக்குப் பின்னால், தனிப் பாயில் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தார்கள். ராகேல் தினமும் காலையில் கோயில் வளவைப் பெருக்குவாள். பூவரசு நிழல் விழுகிற கல்லறைத் தோட்டத்து மூலைக்கு வந்ததும் துடைப்பத்தைச் சாத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பாள்.

"செங்கண்ணி, என்னைய இந்த எடத்துலதான் வைக்கணும். ஒன் சத்தம் கேட்டுக்கிட்டே கெடப்பேன்."

"நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு பேசுத?" என்று அது கோபித்துக்கொள்ளும்.

தலைப்பிரசவத்தில் ராகேல் இறந்தாள். யோனா அவளைப் பாடையில் கிடத்தி, ஓடைக்கரை ஆட்களோடு கோயில் வாசலுக்குக் கொண்டுவந்தான். வாசலில் வேதமாணிக்கம் நின்றார். அவருக்குப் பின்னால் மேற்குத் தெரு முழுவதும் நின்றது.

"ஓடைப் பக்கமா எடம் பாத்துக்கோ, யோனா. நானே வந்து ஜெபம் பண்ணுதேன்."

"அவ இந்த மண்ணத்தானய்யா தெனமும் பெருக்குனா."

"பெருக்குனா, யாரு இல்லைன்னா? உள்ள வைக்க வழக்கம் இல்ல."

கிளையிலிருந்து செங்கண்ணி கூப்பிட்டது. "ஆள் வந்தாச்சு! எந்திரிங்க! எல்லாரும் எந்திரிங்க!"

அதே குரல், அதே அழைப்பு. யாரும் அசையவில்லை. அன்று கைகோத்து நின்றவர்களை அது ஒவ்வொருவராகப் பேர் சொல்லி அழைத்தது. அழைக்கப்பட்டவன் தரையைப் பார்த்தான்.

"உபதேசியாரே, செவுத்துல எழுதியிருக்கே, அதுக்கு என்ன அர்த்தம்?"

"அது இங்கிலீசு."

"அர்த்தத்தக் கேட்டேன்."

"அது நம்ம பேரு. பேருக்கு என்ன அர்த்தம் வேண்டிக்கெடக்கு?"

"ஐயர் அன்னைக்குச் சொன்னாரே. நீரும் கேட்டீரே. அப்ப நானே சாட்சி சொல்லுதேன். இது தகாது."

ஒருவன் சிரித்தான். "இதுக்கும் ஞானஸ்நானம் குடுத்து, முன் பெஞ்சுல ஒக்கார வச்சிரலாமா?"

செங்கண்ணி நிறுத்தவில்லை. தெருமுனையில் பண்ணையார் வீட்டு ஆட்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். வேதமாணிக்கத்தின் நெற்றித் தழும்பு கறுத்துத் தடித்தது.

"ஊரான் பாக்கான். நம்ம மானத்த வாங்குது, ஆள் காட்டுது" என்றார்.

இடுப்பிலிருந்து பாளை அரிவாளை உருவினார். முப்பது தடிகளுக்கு எதிரே அன்று தரையில் வைத்த அதே அரிவாள். எட்டி ஒரே வீச்சு. கிளை பாதி அறுந்து தொங்கியது. செங்கண்ணியின் இரண்டு பின்விரல்களும் அந்தக் கிளையைப் பற்றியபடி அங்கேயே இருந்தன.

பறவை வேறு கிளையில் உட்காரப் பார்த்தது. வழுக்கி விழுந்தது. மறுபடி பார்த்தது, மறுபடி விழுந்தது. யோனா பாடையைத் திருப்பினான். அவன் பின்னாலேயே அது தரையில் நடந்து போனது.

ஓடைக்கரைச் சரளையில் ராகேலைப் புதைத்தார்கள். ஜெபம் பண்ண வருகிறேன் என்றவர் வரவில்லை. செங்கண்ணி அந்த மேட்டின் பக்கத்திலேயே, கூடும் இல்லாமல் நிழலும் இல்லாமல், கூழாங்கற்களுக்கு நடுவே முட்டையிட்டது.

அடுத்த மாதம் ஐயர் வந்தார். பூவரசை அண்ணாந்து பார்த்தார்.

"எங்கே அந்தச் சாட்சிப் பறவை?"

"பறந்துபோச்சுங்க ஐயரே" என்றார் வேதமாணிக்கம்.

ஐயர் கிளையிலிருந்த வெட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு காப்பி குடிக்க உள்ளே போனார்.

இன்றைக்கும் கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் கோயிலுக்கு வெள்ளையடித்து, அந்தப் பெயருக்குப் புது வர்ணம் பூசுகிறோம். ஏணியைப் பிடித்துக்கொள்வது பெரும்பாலும் நான்தான். ஓடைப் பக்கமிருந்து அந்தப் பறவையின் குரல் கேட்கும். என்ன சொல்கிறது என்று யாராவது கேட்டால், பறவை பாஷை மறந்துபோயிற்று என்போம்.

விரல்கள் போன அன்று முதல்தான் அந்தப் பறவை மரத்தில் உட்காருவதில்லை. வெட்டவெளிச் சரளையில் முட்டையிட்டு, யார் நடந்து வந்தாலும் எழுந்து கத்துகிறது. நாம் அதை ஆட்காட்டி என்கிறோம், சுவரில் இருக்கிற அதன் பெயரை நமக்கு வைத்துக்கொண்டு.